மணல் என்று எழுதிவிட்டால் போதாது

கடலடி வரைபடங்களில் எனக்குப் பிடிக்காத நிறம் வெளிர் மஞ்சள். பவளப்பாறைக்குச் சிவப்பு, கடற்புல்லுக்குப் பச்சை என்று தீட்டி முடித்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்துக்கெல்லாம் அதைப் பூசி 'மணல்' என்று எழுதிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடலடியை வகைப்படுத்தும் எனக்கு, அந்த மஞ்சளுக்குள் என்ன வாழ்கிறது என்று பார்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

ஆழமில்லாத தெளிந்த நீரில் செயற்கைக்கோள் படம் புல்லையும் பாறையையும் காட்டும். எதிரொலிக் கருவி தரை கெட்டியா, மெத்தென்றிருக்கிறதா என்று சொல்லும். மணலுக்குள் இருக்கும் உயிர்களைப் பார்க்க, தரையைத் தாடைகளால் கவ்வி அள்ளும் 'கிராப்' கருவியை இறக்கித்தான் ஆகவேண்டும். எங்களுடையது ஒரு தடவைக்கு 0.1 சதுர மீட்டர் தரையை அள்ளும். தாடைகளுக்கு நடுவே சிப்பி ஓடு சிக்கிக்கொண்டால் மேலே வருவதற்குள் மண் கரைந்துவிடும். அதைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்குவோம். நல்ல அள்ளல் தட்டில் விழுந்ததும் முதலில் நிறத்தையும் வாடையையும் குறித்துக்கொள்வேன். மேலே மெல்லிய பழுப்பு, அதற்குக் கீழே கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஆக்ஸிஜன் உள்ளே இறங்கவில்லை.

அடுத்தது 0.5 மில்லிமீட்டர் சல்லடை. தண்ணீரை வேகமாக அடித்தால் புழுக்கள் துண்டுதுண்டாகிவிடும். தலை போன புழுவை வைத்துக்கொண்டு பல சமயம் இனம் சொல்லவே முடியாது. அதனால் சல்லடையைத் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி மெல்ல ஆட்டுவோம். மணல் வடிந்ததும் டயோபாட்ரா புழுவின் குழாய்கள் தெரியும். காகிதம் போன்ற உறை. அதன் வெளிப்பக்கத்தில் உடைந்த சிப்பித் துண்டுகளையும் பாசி நறுக்குகளையும் புழுவே ஒட்டிவைத்திருக்கும். இந்தக் குழாய்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் மணல் எளிதில் அரிபடாது. இடுக்குகளில் ஆம்பிபோட்கள் என்ற, இறால் போன்ற சிற்றுயிர்களும் குட்டி நண்டுகளும் ஒதுங்குகின்றன. வரைபடத்தில் அதுவும் வெளிர் மஞ்சள்தான்.

தூத்துக்குடியில் சங்கு குளித்த பெரியவர் ஒருவரிடம் அப்படியொரு வரைபடத்தைக் காட்டினேன். "இத வெறும் மணல்னு யாரு தாயி போட்டா? இது பூச்சி மணல்லா. சங்கு கெடக்கிற எடம்" என்றார். சங்குக்குப் புழுதான் இரை. எந்த மணலில் புழு இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் சங்கு கிடைக்கும்.

டென்மார்க்கில் சி. ஜி. ஜோஹன்னஸ் பீட்டர்சன் 1910-களில் செய்ததும் இதற்கு வெகு அருகில் வருகிறது. தட்டைமீன்களுக்குக் கடலடியில் எவ்வளவு தீனி இருக்கிறது என்று அறிய, கிராப்பால் அள்ளி எண்ணத் தொடங்கினார். ஒரே விலங்குக் கூட்டம் வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்ப வந்தது. அந்தந்தக் கூட்டத்தில் ஓங்கியிருந்த விலங்கின் பெயரையே வகைக்கு வைத்தார்: மகோமா என்ற சிப்பியின் பெயரில் மகோமா சமூகம், ஆம்பியூரா என்ற நொறுங்கு நட்சத்திரத்தின் பெயரில் ஆம்பியூரா சமூகம் என்று. ஐரோப்பாவின் இன்றைய யூனிஸ் (EUNIS) என்ற வாழிட வகைப்பாடும் ஆழம், தரை, உயிர்கள் என்று படிப்படியாக இறங்குகிறது. அந்த அடுக்கு முறை நமக்கும் உதவும். வகைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடா கலங்கும்போது பாக் விரிகுடா அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் பாக் விரிகுடா கலங்கும். மாதம் குறிக்காத வகைப்பாட்டை இங்கே நான் நம்புவதில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய பவளத்தையும் காக்க 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. கடற்பசுவுக்கும் அது மேயும் புல்லுக்கும் 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் வந்தது. இரண்டும் நியாயமானவை, அவசியமானவை. மணலுக்காக யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கால்வாய் தோண்டிய சேற்றை எங்கே கொட்டலாம் என்ற பேச்சு வந்தால் எல்லார் விரலும் மஞ்சளுக்கே போகிறது. மேலே சேறு விழுந்தால் குழாய்ப்புழுக்களும் சிப்பிகளும் மூச்சுமுட்டிச் சாகும். கழிவும் சேர்ந்தால் கேப்பிடெல்லா போல, மற்றவை தாங்காத தரையில் பெருகும் புழுக்கள்தான் அங்கே மிஞ்சும்.

ஆகவே நான் தரும் வரைபடங்களில் 'மணல்' என்று தனியாக ஒரு வகை கிடையாது. குழாய்ப்புழு மணல், சிப்பி மணல், புல் ஓரத்து மணல் என்று பிரித்து, அள்ளிய மாதத்தையும் எழுதுகிறேன். ஒன்று இன்னொன்றாக மெல்ல மாறும் இடத்தில் கோடு போடாமல் இரண்டு நிறத்தையும் கலந்து காட்டுகிறேன். கிராப் இறங்காத பகுதி வெள்ளையாகவே இருக்கும். 'பக்கத்தில் மணல்தானே, நிரப்பிக் கொடுங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. படகு ஏற்பாடு செய்யுங்கள், அள்ளிப் பார்த்துவிட்டு நிரப்புகிறேன் என்று பதில் எழுதுகிறேன்.