கடைசி மடியில் வந்த மீன்

ஆழ்கடல் மீன் ஆராய்ச்சி என்று சொன்னால் நீர்மூழ்கிக் கப்பலில் போனீர்களா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் போனது கொல்லம் பக்கத்துச் சக்திகுளங்கரை துறைமுகத்துக்கு. விடியற்காலையில் சங்காயக் குவியல் (விலைபோகாத கழிவு மீன்) முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து மீன் பொறுக்குவேன்.

அங்கிருந்து ஆழ்கடல் இறாலுக்குப் போகும் படகுகளில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆட்கள் நிறைய உண்டு. இறாலுக்குத்தான் விலை. கூடவே ஏறிவரும் எலிவால் மீன், பச்சைக்கண் மீன் எல்லாம் சங்காயம். எலிவாலைப் பார்த்தால் பாவமாக இருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து காற்றுப்பை உப்பி, வயிறு வாய்வழியே பிதுங்கி நிற்கும்; கண்ணும் வெளியே தள்ளியிருக்கும்.

எனக்கு வேண்டியது அதன் தசை. கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் புரதங்கள் உருக்குலையாமல் இருக்க, மீன்கள் ட்ரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்ற சின்ன மூலக்கூறைத் தசையில் சேர்த்துவைக்கின்றன. பால் யான்சி குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேல்மட்டத்து மீன்களில் கிலோவுக்கு 40 மில்லிமோல் அளவில் இருப்பது, 7,000 மீட்டரில் பிடித்த நத்தைமீனில் 386. இப்படியே ஏறினால் 8,200 மீட்டர் வாக்கில் மீனின் உடம்பு நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்தச் செறிவு கடல்நீரை எட்டிவிடும், அதற்குக் கீழே மீன் பிழைப்பது கஷ்டம் என்றார்கள். 2022-இல் ஜப்பான் அருகே இஸு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் ஒரு நத்தைமீன் கேமராவில் சிக்கியது. கணக்கு பெரிதாகப் பிசகவில்லை.

நான் பார்க்க நினைத்தது சில நூறு மீட்டருக்குள் இந்த ஏற்றம் தெரிகிறதா என்று. சின்ன ஆசைதான்.

முதல் அடி, ஆழத்தில் விழுந்தது. படகை ஓட்டும் ஸ்ராங்கு அண்ணன் "இருநூறு" என்பார், நான் 200 மீட்டர் என்று நோட்டில் எழுதுவேன். ஒரு சீசன் முழுக்க அப்படியே ஓடியது. அவர் சொன்னது பாகக் கணக்கு. இருநூறு பாகம் என்றால் சுமார் 366 மீட்டர். எல்லாப் பக்கத்தையும் அடித்துத் திருத்தினேன். மடி, அதாவது இழுவலை, மணிக்கணக்கில் இழுபடும், ஒரே ஆழத்திலும் நிற்காது. அதனால் அந்த எண்ணே ஒரு உத்தேசம்தான்.

அடுத்தது இன்னும் மோசம். இந்த மூலக்கூறை நேராக அளக்க முடியாது. டைட்டானியம் குளோரைடு விட்டு அதை ட்ரைமெத்தில் அமைனாக மாற்றி, டொலுவீனில் இழுத்து, பிக்ரிக் அமிலம் சேர்த்தால் மஞ்சள் ஏறும். மாற்றாத ஒரு டியூப்பையும் பக்கத்தில் வைக்கவேண்டும். அது கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்கவேண்டும். என் ரேக்கில் இரண்டு வரிசையும் ஒரே மஞ்சள். படகில் நாலைந்து நாள் ஐஸில் கிடந்த மீன் அது. செத்த மீனில் பாக்டீரியா இதே வேலையைத்தான் செய்யும். மீன் நாற்றம் என்று நாம் மூக்கைப் பொத்துகிறோமே, அதில் பெரும்பங்கு இந்த அமைன். "நீ மீனை அளக்கலை, ஐஸ் பெட்டியை அளந்திருக்கே" என்றார் என் வழிகாட்டி. சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் அண்ணனிடம் போய் நின்றேன். திரும்புவதற்கு முந்தின கடைசி மடியில் வருவது மட்டும் போதும், ஏறினதும் நான் தரும் டிரை ஐஸ் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள் என்றேன். "தம்பி, இந்தச் சவத்தக் கொண்டுபோய் என்ன செய்யப் போறிய?" என்றார். அழுத்தம், புரதம் என்று ஏதோ சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நாறுறதுதான் அதக் காப்பாத்துதுன்னு சொல்லுதிய" என்றார். என் ஆய்வேட்டில் இவ்வளவு சுருக்கமாக ஒரு வரி கிடையாது.

அடுத்த சீசனில் மாற்றாத டியூப்கள் வெளுப்பாகவே நின்றன. எலிவாலில் ஆழத்தோடு அளவு கொஞ்சம் ஏறியது. பச்சைக்கண்ணில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன, கோடு போட மனம் வரவில்லை, போடவும் இல்லை.

ஆய்வேடு கொடுத்து முடித்த பிறகும் ஒருநாள் அதிகாலை போன் வந்தது. "தம்பி, இருநூத்திப் பத்து பாகம். சவம் பெட்டியில கெடக்கு, வாரியளா?"