கேத்தி வீட்டு நாட்குறிப்பு

நவம்பர் 20, புதன்

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. வீட்டைப் பூட்டிப்போட மனசு வரவில்லை. குன்னூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நேற்று கேத்திக்கே குடிவந்துவிட்டோம்.

அடுப்பு மேடையில் அந்தப் பால்பவுடர் டப்பா அப்படியே இருக்கிறது. உள்ளே பாதிக்கு மேல் அரிசி. பிடி அரிசிக் காணிக்கை. உலை வைக்கும்போதெல்லாம், அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் அம்மாவுக்கு மற்ற வேலை. ஞாயிறன்று பையில் கட்டி ஆலயத்துக்குக் கொண்டுபோவாள். கேரட் தோட்டத்தில் கூலி வேலை. மழையில் வேலை இல்லாத வாரங்களில் எங்களுக்குக் கஞ்சிதான், அப்போதும் அந்தப் பிடி நின்றதில்லை. "நமக்கே பத்தலையேம்மா" என்று சின்ன வயதில் கோபப்பட்டிருக்கிறேன். "உன் பங்குல எடுக்கல, என் பங்குல எடுக்குறேன்" என்பாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒரு பிடி எடுத்து வைத்ததில்லை. மாதம் பிறந்தால் சபைக்குச் சந்தா கட்டுவேன், அதோடு சரி.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மாவின் கடைசி அரிசியை ஆலயத்தில் சேர்த்துவிட்டு, காலி டப்பாவோடு வந்தேன். மதியம் உலை வைக்கும்போது கை தானாக டப்பா பக்கம் போனது.

நவம்பர் 27, புதன்

இன்று அம்மாவின் வேதாகமத்தை எடுத்தேன். பிரிந்த அட்டையை ஊசி நூலால் தைத்திருக்கிறாள். சங்கீதங்களின் ஓரத்தில் விரல் படும் இடமெல்லாம் மண் கறை. பென்சிலில் தேதிகள், பக்கத்தில் ஒரே சொல்: "சின்னவன்."

தம்பி ஆலயத்துக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது. ஒருவர் எல்லார் முன்னாலும் அவனை அவமானப்படுத்திப் பேசினார், அன்றோடு நின்றவன்தான். "இவனோட நம்ம குடும்பத்து விசுவாசம் முடிஞ்சது" என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அம்மா பதில் பேசியதில்லை. கடைசித் தேதி, அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்.

திமோத்தேயுவுக்கு எழுதும்போது பவுல் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லி நினைக்கிறார். அவர்கள் பிரசங்கம் பண்ணியதாக அங்கே ஒரு வார்த்தை கிடையாது.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆகமன காலம் ஆரம்பம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நீலகிரியில் நம் கேத்திப் பள்ளத்தாக்கின் கதையைச் சொன்னேன். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே குடியிருந்த காசமேஜர், இந்த மலையின் படுகர் இனப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் 1846ல் இங்கே ஊழியத்தைத் தொடங்கியது. சொத்தில் பெரும்பகுதியை அந்த மிஷனுக்கு எழுதிவைத்துவிட்டு 1849ல் அவர் இறந்துபோனார். அந்த மிஷனின் மெட்ஸ் ஐயர் மழையிலும் பனியிலும் படுகர் ஊர்களுக்கு, ஹட்டி ஹட்டியாக நடந்தார். படுகரில் முதல் ஞானஸ்நானம் 1858ல்தான். பன்னிரண்டு வருஷம்!

"அப்போ காசமேஜருக்கு அது தெரியவே தெரியாதா டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

"தெரியாதுப்பா." அதற்கு மேல் பேச எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மாவின் பென்சில் தேதிகள்தான் கண்முன் நின்றன.

டிசம்பர் 5, வியாழன்

விடியற்காலை நாலே முக்காலுக்குப் போன். தம்பி. கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவன்.

"அக்கா, தூங்குறியா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லடா. ஏன்?"

"மேல ரோட்டுல நிக்கிறேன். வீட்ல லைட் எரியலையே."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவனே சொன்னான். "அம்மா நாலரைக்கு எந்திரிச்சு ஜெபம் பண்ணுவால்ல. அந்த லைட்டைப் பார்த்துட்டுத்தான்க்கா தினமும் எறங்குவேன். பார்த்தா ஒரு தைரியம். நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்களே, எரியும்னு நெனச்சேன்."

அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா."

எழுந்து லைட்டைப் போட்டேன். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி. முந்தானையால் துடைத்துவிட்டேன். போனில் பேச்சில்லை, அவன் மூச்சுதான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து லாரி கிளம்பும் சத்தம்.