சிப்ஸ் கடை வரிசையில் ஆங்கிலம்

பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் ஆங்கிலம் பேசிப் பழக, மாவில் தோய்த்த மீனும் தடித்த உருளைக்கிழங்குத் துண்டுகளும் பொரித்து விற்கும் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடை தோதான இடம். கேள்விகள் நாலைந்துதான், ஆனால் சரசரவென்று வரும்.

கவுண்டரில் 'யூ ஆல்ரைட்?' என்றால் நலம் விசாரிப்பு இல்லை, என்ன வேண்டும் என்பதுதான். 'கேன் ஐ கெட் எ ஸ்மால் காட் அண்ட் சிப்ஸ், ப்ளீஸ்?' என்று முழுசாகச் சொல்லுங்கள். ப்ளீஸை விழுங்கினால் அதட்டுகிற மாதிரி இருக்கும். காடா ஹேடக்கா (இரண்டும் மீன் வகைகள்) என்பதை வரிசையில் நிற்கும்போதே முடிவு பண்ணிவிடுங்கள்.

பலர் திணறுவது அதற்குப் பிறகுதான். 'சால்ட் அண்ட் வினிகர்?' என்பது 'சால்டன்வினிகா' என்று ஒரே மூச்சில் காதில் விழும். (எடின்பராவில் அது 'சால்ட் அண்ட் சாஸ்'!) அடுத்து 'ஓப்பன் ஆர் ராப்ட்?' நடந்துகொண்டே சாப்பிட ஓப்பன், வீட்டுக்கு என்றால் ராப்ட், அதாவது காகிதத்தில் சுற்றி. இதற்குப் போய் 'யெஸ்' என்று தலையாட்டினால் கேள்வி திரும்பி வரும். அப்போதும் பிடிபடவில்லையா, 'சாரி, ஓப்பன் ஆர்...?' என்று காதில் விழுந்தவரை திருப்பிச் சொல்லுங்கள். மீதியை அவர்களே நிரப்புவார்கள். வெறும் 'வாட்?' வேண்டவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரிக் கூட்டத்தில் யாருக்கும் பேச நேரமிருக்காது. கூட்டமில்லாத நேரம் போனால், மீன் பொரிகிற அந்தச் சில நிமிடம் உங்களுடையது. வட இங்கிலாந்து என்றால் 'எனி ஸ்க்ராப்ஸ்?' என்று கேட்டுப் பாருங்கள். எண்ணெயில் உதிர்ந்த மொறுமொறு மாவுத் துணுக்கு. பல கடைகளில் அதற்குக் காசு வாங்குவதில்லை.