பவர் ஸ்டீயரிங் முனகுகிறதா? பம்பை மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்

பினாங்கில் இன்னும் பழைய புரோட்டோன் வீரா ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பா வைத்திருந்த வீரா இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் ஸ்டீயரிங் பட்ட பாடு மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் வண்டியை எடுத்து ஸ்டீயரிங்கை வளைத்தாலே ஒரு முனகல். ஓட ஓடக் கொஞ்சம் அடங்கும். தண்ணீர்மலைக் கோயில் பக்கம் இடுக்கில் பார்க் செய்ய முழுசாக ஒடித்தால் மறுபடி கத்தும், கையும் வலிக்கும். பெல்ட் தளர்ந்தாலும் சத்தம் வரும்தான், ஆனால் அது கிறீச்சென்று இருக்கும். இது அந்தச் சத்தமில்லை.

சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு பவர் ஸ்டீயரிங் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். சூட்டில் எண்ணெய் விரிந்து மட்டம் ஏறிவிடும் என்பதால் ஆறிய பிறகு பார்ப்பதுதான் நல்லது. மட்டம் குறைவு. வெள்ளை டிஷ்யூவில் தொட்டால், சிவப்பாக இருக்க வேண்டியது கரும்பழுப்பு. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு எட்டிப் பார்த்தால், இழுத்து ஆற்றிய தே தாரேக் போல மேலே நுரை.

அந்த நுரைதான் முக்கியம். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால்தான் காற்று கலந்தால் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்ப் முனகுகிறது, ஸ்டீயரிங்கும் ஒரே சீராக இருப்பதில்லை.

வண்டியைப் பார்த்த ஒரு வர்க்‌ஷாப்பில் பம்ப் போய்விட்டது, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த எண்ணெய் எரிந்து தீருகிற பொருள் இல்லை, மூடிய சுற்றில் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கேயோ கசிகிறது. அந்த இடத்தைக் காட்டாமல் பம்பை மட்டும் குற்றம் சொன்னால் எப்படி?

இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். ஒரு சொட்டும் இல்லை. ரேக்கின் இரண்டு பக்க ரப்பர் உறைகளையும் அமுக்கிப் பார்த்தேன், உள்ளே எண்ணெய் தேங்கவில்லை. பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும், அழுத்தம் அதிகமுள்ள ஹோஸும் காய்ந்துதான் இருந்தது. (இன்ஜின் ஓடும்போது அந்த ஹோஸில் கை வைக்கவே கூடாது.) கடைசியில் தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸின் கிளிப்புக்குக் கீழே விரலை விட்டேன். எண்ணெயும் தூசியும் குழைந்து கறுப்பாக ஒட்டியது. ரப்பர் விறைத்துப்போய், ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள்.

பட்டர்வொர்த்தில் அப்பாவுக்குப் பழக்கமான ஃபோர்மன் அண்ணனிடம் காட்டினேன். "இது உறிஞ்சுற பக்கம் தம்பி. இன்ஜின் ஓடுறப்போ எண்ணெய் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். நிறுத்தினப்புறம் கொஞ்சங் கொஞ்சமா ஊறும், அதான் தரையில சொட்டல" என்றார்.

எண்ணெய்க்கென்றே உள்ள ஹோஸும் புது கிளிப்புகளும் போட்டோம். தண்ணீர் ஹோஸ் போட்டால் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்னபடி டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெய்) ஊற்றினோம். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற, முன்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, இன்ஜினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பத் திருப்ப, தொட்டியில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. மட்டம் இறங்க இறங்க ஊற்றினோம். குமிழி நின்ற பிறகுதான் இன்ஜினைப் போட்டு அதையே திரும்பச் செய்தோம். கோடியில் சில நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது, பம்ப் சூடேறிவிடும். பொறுமை வேண்டிய வேலை இதுதான்.

முனகல் நின்றுவிட்டது, மட்டமும் இறங்கவில்லை. பம்பும் ரேக்கும் பழையவைதான்.

வேறு வண்டி வைத்திருப்பவர்கள் ஏடிஎஃப் வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள். ஹோண்டாவுக்குத் தனி எண்ணெய். பெரோடுவா மைவி கார் மின்சார ஸ்டீயரிங் என்பதால் அதில் இந்த எண்ணெயே கிடையாது, அங்கே ஸ்டீயரிங் கனத்தால் காரணத்தை மின்சாரப் பக்கம் தேட வேண்டும்.