தொலைவிலிருந்து ஓட்டும் ரோபோ: தரை வரைபடத்தில் காலிக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்

கேமரா படத்தை மட்டும் பார்த்து ஓட்டுபவருக்கு, முன்னால் இருப்பது நிழலா பள்ளமா என்று பல நேரம் பிடிபடாது. அதனால் படத்தோடு தரையின் உயர வரைபடமும் அவர் திரைக்குப் போக வேண்டும். ஆர்ஓஎஸ் (ரோபோக்களுக்கான திறந்தமூல மென்பொருள் தளம்) பயன்படுத்துவோருக்கு ஈடிஹெச் சூரிக் வெளியிட்ட எலிவேஷன் மேப்பிங் தொகுப்பு நல்ல தொடக்கம். அது வரையும் வரைபடம், ரோபோவை நடுவில் வைத்து அதோடு நகரும் சதுரம். பக்கம் 10 மீட்டர், கட்டம் 5 செ.மீ. என்று வைத்தால் 40,000 கட்டங்கள். உயரத்தை 16 பிட்டில் எழுதினால் ஒரு வரைபடம் 80 கிலோபைட். நொடிக்கு இரண்டு அனுப்ப 1.3 மெகாபிட் போதும்.

லேசர் கதிரால் தூரத்தை அளந்து இந்த வரைபடத்துக்குத் தரவு தரும் லைடாரைப் பொருத்தும் கோணத்தில்தான் பாதி வெற்றி. லிவாக்ஸ் மிட்-360 என்ற லைடார் கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கி 7 டிகிரிதான் பார்க்கும். அரை மீட்டர் உயரத்தில் நேராக வைத்தால் முதல் 4 மீட்டர் தரை தெரியவே தெரியாது. முன்பக்கம் 30 டிகிரி சாய்த்தால் சுமார் 70 செ.மீ.யிலிருந்தே தெரியும். ஆனால் பின்பக்கத் தரை மறைந்துவிடும். பின்னால் எடுக்கும் வேலை அதிகமென்றால் அங்கே தனியாக ஒரு டெப்த் கேமரா (தூரத்தையும் அளக்கும் கேமரா) வேண்டும்.

ரோபோ திரும்பும்போது, தரையில் இல்லாத படிகள் வரைபடத்தில் முளைத்தால் முதலில் ஒவ்வொரு அளவீட்டோடும் பதியும் நேரமுத்திரையைச் சோதியுங்கள். நொடிக்கு 60 டிகிரி திரும்பும் ரோபோவில் 50 மில்லிநொடிப் பிசகு 3 டிகிரி ஆகும். 5 மீட்டர் தூரத்தில் அது 26 செ.மீ. விலகல். முன்பின் சாய்வில் 1 டிகிரி பிழை வந்தாலே அதே தூரத்தில் உயரம் 9 செ.மீ. மாறும். லைடாரையும் கணினியையும் பிடிபி (வலையமைப்பில் கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) வழியே ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவராமல், வரைபடத்தைச் சீராக்கும் ஃபில்டரைத் திருத்துவது வீண்வேலை.

உண்மையான ஆபத்து பள்ளம். அரை மீட்டர் உயர லைடார், 4 மீட்டர் தள்ளியிருக்கும் 40 செ.மீ. அகலக் கால்வாயின் எதிர்ச்சுவரில் மேல் 5 செ.மீ.யை மட்டுமே பார்க்கும். அடி தெரியாததால் அந்தக் கட்டங்கள் காலியாக நிற்கும். இடைவெளியை நிரப்பும் ஃபில்டர் இருந்தால் அங்கே சமதரை வரைந்துவிடும். ஓட்டுபவர் நம்பி இறக்கிவிடுவார். அவருக்குப் போகும் வரைபட அடுக்கில் அந்த ஃபில்டரை அணைத்துவிட்டு, காலிக் கட்டங்களைக் கறுப்பாகக் காட்டுங்கள். தேங்கிய நீரும் பெரும்பாலும் இப்படித்தான் காலியாக வரும். மரக்கிளை மாதிரித் தலைக்கு மேலுள்ளவை சுவராகத் தெரியாமலிருக்க, ரோபோவின் உயரத்துக்கு மேல் 30 செ.மீ. தாண்டிய புள்ளிகளை வெட்டிவிடலாம். சரிவில் ஏறும்போது மட்டும் அந்த எல்லையை உயர்த்த வேண்டும்.

திரையின் மூலையில் வரைபடத்தின் வயதை மில்லிநொடியில் காட்டுங்கள். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் 400 மில்லிநொடி தாமதம் என்றால், ஓட்டுபவர் பார்க்கும் இடத்தைவிட ரோபோ 20 செ.மீ. முன்னால் போயிருக்கும். வயது ஒரு நொடியைத் தாண்டினால் ரோபோ தானே நின்றுவிட வேண்டும். இந்த நிபந்தனை ரோபோவிலேயே ஓட வேண்டும், ஓட்டுபவரின் கணினியில் அல்ல.