ங-வில் தேடினால் கிடைக்காத சொல்

பிரிட்டனில் உள்ள வேல்ஸின் மொழியான வெல்ஷ் படிக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு ஜெபத்தில் 'வ ஙஃபெஸ்' என்று வந்தது. 'வ' என்றால் 'என்', அது தெரியும். வெல்ஷ் அரிச்சுவடியில் g-க்கு அடுத்து ng தனி எழுத்து, அகராதியில் அந்தப் பக்கத்தில் எவ்வளவு தேடியும் ஙஃபெஸைக் காணோம். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, மூலச்சொல் 'கஃபெஸ்' (அறிக்கையிடுதல்), 'என்' முன்னால் வந்ததால் க போய் ங வந்திருக்கிறது. 'அவனுடைய' என்றால் அதே க, கங்கையின் முதல் எழுத்து மாதிரி மெலிந்துவிடும். 'அவளுடைய' என்றால் தொண்டையைக் காறுகிற மாதிரி ஒரு ஹ! நாம் அரிச்சுவடியோடு விட்டுவிட்ட ங-வுக்கு அந்த ஊரில் இவ்வளவு வேலை.

கஃபெஸ் லத்தீனிலிருந்து வந்த சொல். முதலில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம்தான், அப்போது அவர் உட்காரும் கூண்டுக்குக்கூட இதோடு 'அறை'யைச் சேர்த்துத்தான் பெயர். மதச் சீர்திருத்தம் வந்து பெரும்பாலோர் பாவசங்கீர்த்தனத்தை மறந்தார்கள், சொல் மட்டும் தங்கிவிட்டது. 1620-ல் வந்த வெல்ஷ் வேதாகமத்தில் ரோமர் 10:10-ன் 'வாயினாலே அறிக்கைபண்ணப்படும்', யாக்கோபு 5:16-ன் 'குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு' இரண்டுக்கும் இதன் வினைச்சொல்தான். ஒன்று விசுவாசத்தை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது, மற்றது பாவத்தைத் தலையைக் குனிந்து சொல்வது. நம் 'அறிக்கை'யும் அப்படித்தானே (அமைச்சர் விடுவது வேறு கணக்கு).

18-ம் நூற்றாண்டில் வேல்ஸின் மெதடிஸ்டுகள் (ஒரு புராட்டஸ்டன்ட் பிரிவினர்) யாக்கோபு சொன்னதை அப்படியே செய்தார்கள். 'செயத்' என்று சிறு சிறு கூட்டங்கள், பல ஊர்களில் பண்ணை வீடுகளிலேயே. சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் சந்தேகம், சபலம், பொறாமை எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் எதிரில் சொல்ல வேண்டும். பாடலாசிரியர் வில்லியம் வில்லியம்ஸ் 1777-ல் இதை நடத்துவதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். என்னைக் கேட்டால் கூண்டே தேவலை, மறுநாள் காலையில் அதே ஆளிடம் போய் எப்படிப் பால் வாங்குவது?

1823-ல் அதே சபையார் தங்கள் விசுவாச அறிக்கையை 44 பிரிவுகளாக எழுதினார்கள். அதற்கும் பெயர் கஃபெஸ்தான், பாவமே செய்யாமல்! அப்புறம் 1841-ல் அந்தச் சபையின் தாமஸ் ஜோன்ஸ் நம் சிரபுஞ்சிக்கு வந்து, அந்த மலைநாட்டுக் காசி மொழியை (வாரணாசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ரோமன் எழுத்தில் எழுதும் முறையை நிலைநிறுத்தினார். அந்த அரிச்சுவடியிலும் g-க்கு அடுத்து ng. காசியில் 'நான்' என்பதற்குச் சொல்லே 'ங'தான்.