உப்பு ஏறிய வண்டி

பழைய வண்டி வாங்கி விற்கிறவர்களே, பாம்பனில் மீன் ஏற்றிய குட்டியானையும் (டாடா ஏஸ்) பரமக்குடியில் மிளகாய் மூட்டை ஏற்றிய குட்டியானையும் ஒரே வருஷம், ஒரே கிலோமீட்டர் என்றாலும் ஒரே விலைக்கு எடுக்கக் கூடாது. நம்ம கரையில் ஆர்சி புக் சொல்லும் வயசு வேறு, சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) சொல்லும் வயசு வேறு. வண்டி வாசலுக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது என்ன லோடு அடித்தது என்பதைத்தான். எங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி.

மீன் வண்டியில் ஐஸ் உருகிய தண்ணி பலகை இடுக்கில் இறங்கி, பாடி உட்கார்ந்திருக்கும் குறுக்குச் சட்டங்களின் மேல் தேங்கும். தண்ணி போக விட்ட ஓட்டையைச் செதில் அடைத்திருந்தால் அங்கேயேதான் நிற்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பு அடித்த வண்டி பார்வைக்கு உலர்ந்து கிடக்கும். ஆனால் இடுக்கில் உதிர்ந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, மழையே இல்லாத மாசத்திலும் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். 2017-ல் அரிச்சல்முனை ரோடு திறப்பதற்கு முன்னால், தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல் தண்ணியிலும் ஆள் ஏற்றிப் போன வேன் ஏதாவது இன்னும் விலைக்கு வந்தால், கேட்காமலே விட்டுவிடுங்கள்.

கழுவிய பிறகு வண்டியைப் பார்க்காதீர்கள். வந்த கோலத்திலேயே கீழே படுங்கள். ஒரு டார்ச், அரை கிலோ சுத்தியல், பெரிய ஸ்க்ரூடிரைவர், ஒரு காந்தம் போதும். சேசிஸின் இரண்டு நீள சட்டத்தையும் முன்னிருந்து பின்வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அடுக்கடுக்காகத் துரு பிடித்த இடம் சத்தத்தை விழுங்கும். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். முனை இறங்கினால் அது வெட்டி ஒட்டு போடுகிற வேலை. பின் ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு மாட்டியிருக்கும் ஷாக்கிள் (கொக்கி) பக்கமும், டீசல் டேங்க் பட்டையின் உள்பக்கமும், டிரைவர் காலடி விரிப்புக்குக் கீழேயும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுங்கள்.

அடியில் கருகருவென்று புது ஆயில் பூசியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வேஸ்ட் ஆயில் அடிப்பது இங்கே பழைய பழக்கம். துருவை ஓரளவு தடுக்கும், அதே நேரம் துருவை மறைக்கவும் செய்யும். பிரேக் ஹோஸ், ஸ்பிரிங் புஷ் போன்ற ரப்பர்களை ஊதவைத்துக் கெடுப்பதும் அதுதான். துணியால் துடைத்துவிட்டுத் தட்டுங்கள். ஆம்னி, ஈகோ வேன் என்றால் ஸ்லைடிங் டோருக்குக் கீழே இருக்கும் படி ஓரத்தில் காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். பட்டி (ஓட்டையை அடைக்கும் பசை) பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவும்.

இங்கே அதிகம் பேர் கோட்டைவிடுவது சேசிஸ் நம்பரை. குத்தியிருக்கும் எழுத்தை உப்பு தின்றிருந்தால் எஃப்சி (தகுதிச் சான்று) சோதனையில் வண்டி நின்றுவிடும். நம்பரை நீங்களே குத்தக் கூடாது. ஆர்டிஓ அனுமதியோடுதான் செய்ய வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, காகிதம் வைத்துப் பென்சிலால் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். ஓர் எழுத்து தெளியாவிட்டாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பிரேக்கை இன்ஜின் ஓடும்போது அழுத்தி ஒரு நிமிஷம் பிடியுங்கள். பெடல் மெதுவாக இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரோ, எங்கேயாவது கசிவோ. சேசிஸ் ஓரமாக ஓடும் இரும்பு பிரேக் பைப்பில் கிளிப் போட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும், கிளிப்பைக் கழற்றினால்தான் அது தெரியும். கரண்ட் பக்கம், எர்த் வயர் நுனி பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றித் தேய்த்து மாட்ட வேண்டும். பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் குறை சொல்லி மாற்றிப் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த ஒரு வயரால்தான்.

இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் உண்மை தெரியும். அடுத்து ரேடியேட்டர் மூடி. நம்ம போர் தண்ணி உவர்ப்பு, அதையே வருஷக்கணக்காக ஊற்றிய வண்டியில் உள்ளே வெள்ளைப் படிவம் கட்டியிருக்கும். கூலண்ட் வழி அடைத்து, லோடில் சூடு ஏறி, ஹெட் கேஸ்கெட் போகும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றிய வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஓடாததால் மீன் வண்டிகள் சும்மா நிற்கும், தவணை கட்ட முடியாதவர்கள் விற்க வருவார்கள். வாங்க அது நல்ல நேரம்தான். ஆனால் கழுவாமல் ஒரு மாசம் நின்ற வண்டியில் பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் பிடித்திருக்கும், ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கும். அந்த டிரம்களைக் கழற்றிப் பார்க்கும் செலவை விலை பேசும்போதே கழித்துவிடுங்கள். பாவம், அவர்கள் அவசரத்தைப் பார்த்து அடிமாட்டு விலை கேட்பது எனக்கு ஒப்பாது. அதே ஆள்தான் ஜூன் மாசம் வேறு வண்டி தேடி வருவார்.

விற்பதற்குத் தயார் செய்யும்போது வாட்டர் சர்வீஸில் எந்தத் தண்ணி என்று கேளுங்கள். போர் தண்ணி என்றால் உப்பைக் கழுவ உப்பையே அடிக்கிறார்கள். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி வேண்டும். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, வயர் பிரஷ் போட்டு, எபாக்சி பிரைமர், அதற்கு மேல் கருப்பு. ஈரத்தோடு பெயிண்ட் அடித்தால் உள்ளே துரு ஓடி ஆறே மாசத்தில் பொரிந்து உரியும், வாங்கியவர் திரும்பி வருவார். வெல்டிங் இருந்தால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) இருக்கும் வண்டிகளில் அது போனால் லாபம் முழுக்கப் போகும். ஒட்டு போட்ட இடத்தை வாங்குபவரிடம் நீங்களே டார்ச் அடித்துக் காட்டுங்கள்.

பேப்பரில் ஃபைனான்ஸ் இருந்தால் கடன் கொடுத்தவரின் என்ஓசி-யும் (ஆட்சேபணை இல்லைச் சான்று), கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். மஞ்சள் போர்டு (வாடகை, சரக்கு) வண்டிக்கு 8 வருஷம் வரை எஃப்சி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம். ஆர்சி-யில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலருக்கு ஆர்டிஓ அங்கீகாரம் வேண்டும். ஓனர் வண்டியை உங்களிடம் ஒப்படைப்பதை ஃபார்ம் 29சி-யில் தெரிவிக்க வேண்டும்.

பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29-லும் 30-லும் வெறும் கையெழுத்து வாங்கி டிராயரில் போட்டு வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். பேர் மாறாமல் ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டெலிவரி நோட்டில் தேதியோடு மணி, நிமிஷமும் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் தன் பேருக்கு மாற்ற மனு கொடுக்கும்படி வாங்குபவரிடம் சொல்லி, அந்த மனுவை முடிந்தால் நீங்களே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.